‘பரதேசி’ படமும் கிள்ளான் பாடமும்



2013ல் வந்த ‘பரதேசி’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாலா எடுத்த படம். பிழைக்க வழி தேடும் ஜனங்களைக் கங்காணி ஆசை காட்டித் தேயிலைத் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டு போகிறான். பற்றுக் கணக்கு தீராது. ஊர் திரும்ப முடியாது. கடைசியில் கொள்ளை நோய் வந்து கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். இது வெறும் கட்டுக்கதை அல்ல. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதி 1969ல் வெளிவந்த நாவல்தான் இதற்கு மூலம்.

படம் பார்க்கையில் நெஞ்சை அடைக்கிறதா? ராத்திரி தூக்கம் வரவில்லையா? பயப்படாதீர்கள், அது நோயல்ல. நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடு கண்முன்னே வந்தால் மனசு தாங்குமா? அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். வயசானவர்கள் கலங்கினால் படத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பேச விடுங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகாவிட்டால், கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. “எல்லாம் தலைவிதி” என்று சொல்லி எழுந்து போய்விடாதீர்கள்!

மலாயாத் தோட்டங்களில் நம்மவர்களை வாட்டி எடுத்தது மலேரியா. அது கொசுவால் பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897ல் இந்தியாவில் கண்டுபிடித்தார். 1901ல் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்தவர் மால்கம் வாட்சன். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிய வைத்தார். புதரை அழிக்கச் செய்தார். கிள்ளானிலும், போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று பெயர் பெற்ற போர்ட் கிள்ளானிலும் அந்த வருஷம் காய்ச்சலில் இறந்தவர்கள் 368 பேர். மறு வருஷம் 59 பேர்தான்! படக் கதை நடப்பது 1939ல். அதற்கு 38 வருஷம் முன்பே மண்வெட்டியால் உயிரைக் காக்கலாம் என்று கிள்ளான் காட்டிவிட்டது. வழி தெரிந்தும் செலவு செய்யாத இடத்தில் ஜனங்கள் செத்தார்கள். இது விதியா?

இன்று சிலாங்கூரில் நமக்குத் தொல்லை டிங்கிக் காய்ச்சல். அதன் கொசு வேறு. தேங்கிய தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். ஆகவே:

1. பால் வெட்டாத நாளில் கோப்பைகளைக் கவிழ்த்து வையுங்கள். சிரட்டை, பழைய டயர் எதிலும் தண்ணீர் நிற்கக்கூடாது.

2. தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடுங்கள்.

3. கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி இருந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். ஆஸ்பிரின் வேண்டாம்.

4. காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் அதுதான் ஆபத்து. ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

லயத்துக் கால்வாய் அடைத்துக் கிடந்தால் நிர்வாகத்திடம் கேளுங்கள். கிளைச் செயலாளரிடமும் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை. செத்தவர்களுக்காக அழுவோம், இருப்பவர்களைக் காப்போம்!