நன்றி சொல்வதும் ஒரு பாடமே

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கும் சிங்கப்பூர்ப் பெற்றோர், 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதி, குறிப்பிட்ட தரத்தையும் எட்ட வேண்டும்.

சமய நம்பிக்கையால் இவ்வழியை நாடும் கிறிஸ்துவக் குடும்பங்கள் உண்டு. காலையில் ஜெபம், வேத வாசிப்பு, பிறகு கணக்கு, அறிவியல். கேட்க இனிமைதான். ஆனால், பெரும்பாலும் அம்மாதான் ஆசிரியர். வீட்டுக்கு வரும் ஒரு சம்பளம் நின்றுபோகும். பள்ளி மணி அடித்து அவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. பிள்ளைக்குப் புரியாத பின்னக் கணக்கு இரவுச் சாப்பாடு வரை நீளும், கோபமும் வரும்.

இப்படிப்பட்ட வீட்டில் நன்றி சொல்ல எளிதில் மறந்துபோகும். குடும்ப ஜெபத்தில் "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று முடித்துவிடுவது சுலபம். "இன்று மூன்று முறை பொறுமையாக விளக்கிய அம்மாவுக்காக நன்றி, ஆண்டவரே" என்று பிள்ளை சொல்லும்போது அம்மாவின் களைப்பு பாதி குறைகிறது. "நான் கத்தியது தவறு, நீ விடாமல் முயன்றாயே, அதற்கு நன்றி" என்று அம்மா சொன்னால், மறுநாள் பிள்ளை பயமின்றிப் புத்தகத்தைத் திறக்கும்.

நன்றி மனத்தில் இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு, எதற்கு என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம் வீடுகளிலும் இன்றிரவே இதைத் தொடங்கலாமே!