பழைய கணினியிலும் ஓடும் விபிஎன்

வீட்டில் ஓரங்கட்டி வைத்த கோர் 2 டுவோ கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். அதை விபிஎன் சர்வராக்கிவிட்டால், ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்தபடியே வீட்டுக் கோப்புகளைத் திறக்கலாம். போன் முதல் வீடு வரை எல்லாத் தரவும் பூட்டிய நிலையிலேயே போய்வரும்.

விபிஎன்னில் செயலியைப் பிழிந்தெடுக்கும் வேலை மறையாக்கம்தான். பரவலாகப் புழங்கும் ஏஇஎஸ் முறைக்கென்றே தனிக் கட்டளைகளை இன்டெல் 2010 முதல் தன் செயலிகளில் சேர்த்தது. 2006இல் வந்த கோர் 2 டுவோவில் அவை கிடையாது. கணக்கு முழுவதையும் மென்பொருளே போட்டாக வேண்டும், வேகம் படுத்துவிடுகிறது.

இங்கேதான் வையர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் கைகொடுக்கிறது. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இது, டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008இல் வெளியிட்ட சாச்சா வகை மறையாக்கத்தைப் பயன்படுத்துகிறது. கூட்டுவது, எக்ஸ்ஓஆர் செய்வது, பிட்டுகளைச் சுழற்றுவது: அதில் உள்ளவை இந்த மூன்றே. எந்தப் பழைய செயலிக்கும் இவை கைவந்த வேலை. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே வையர்கார்டு சேர்ந்துவிட்டது. அதன் நிரல் ஏறத்தாழ 4,000 வரிதான். ஒருவரே உட்கார்ந்து படித்துச் சரிபார்த்துவிடலாம் என்பதை இதன் மிகப் பெரிய பலமாக நினைக்கிறேன்.

விண்டோஸ் 7 இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதற்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. டெபியன் லினக்ஸ் போட்டால் போதும்.

பிறகு சாவிகள். ஒரு பொதுச் சாவியும் ஒரு தனிச் சாவியும் சேர்ந்தது ஒரு ஜோடி. கணினிக்கு ஒரு ஜோடி, போனுக்கு ஒரு ஜோடி. ஒவ்வொரு சாவியும் 44 எழுத்துக் கொண்ட ஒரு வரி. கடைசியில் ஒரு சமக்குறி இருக்கும். பொதுச் சாவிகளை மட்டும் ஒன்றுக்கொன்று கொடுக்க வேண்டும். தனிச் சாவி அந்தந்தக் கருவியை விட்டு வெளியே போகவே கூடாது. சாவி தெரியாத யாராவது தட்டினால் வையர்கார்டு பதிலே சொல்லாது.

கடைசியாக, ரவுட்டரில் யுடிபி 51820 போர்ட்டைக் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்கு இணையச் சேவை நிறுவனம் பங்கிட்டிருக்கிறது என்று அர்த்தம். போர்ட்டைத் திறந்தும் பயன் இருக்காது. தனிப் பொது முகவரி கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஐபிவி6 இருந்தால் அதன் வழியாகவே இணைத்துவிடலாம்.