ஐந்து ஆசை, இரண்டு நாடு, ஒரு விசா

அன்னவாசலுக்கு வந்த விருந்தாளியைச் சித்தன்னவாசல் காட்டாமல் யாரும் அனுப்புவதில்லை. மலை ஒன்றுதான். மேற்குச் சரிவில் அறிவர் கோயில் ஓவியம், கிழக்குப் பக்கம் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கைகள். பெரியவர்கள் ஓவியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இளவட்டங்கள் படுக்கை வரை ஏறுவார்கள். பிள்ளைகள் பூங்காவுக்கு ஓடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றுகூடிவிடுவார்கள்.

கோடை விடுமுறையில் ஐரோப்பா போக நினைக்கும் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கே போதும். ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஓவியம், அம்மாவுக்கு ஐஃபில் கோபுரம், பிளஸ் டூ முடித்த மகளுக்கு இயற்பியல், 10 வயது மகனுக்குப் பனி, அப்பத்தாவுக்குக் கோயில். நாடுகள் பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும். கையில் ஒன்பது இரவுகள்.

எந்த நாட்டிடம் விசா கேட்பது?

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே விசா. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சரிசமம் என்றால், முதலில் கால்வைக்கும் நாட்டிடம். பாரிஸில் ஐந்து இரவு, சுவிஸில் நான்கு என்று பிரித்தால் பிரான்ஸ்தான். அதனால்தான் விண்ணப்பத்துக்கு முன்பே இரவுகளைப் பிரித்து முடிவு செய்துவிட வேண்டும்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. இந்தக் குடும்பத்துக்கு 405 யூரோ ஆகும். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆளுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஊர் திரும்பிய பிறகும் பாஸ்போர்ட்டுக்கு மூன்று மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குள் நெருங்கிவிட்டால் முடியாது.

பாரிஸ்: செவ்வாயைத் தவிருங்கள்

லூவ்ர் அருங்காட்சியகத்துக்கும் ஆசியக் கலைகளுக்கான கிமே அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள். கோபுரத்தையும் சேன் நதிப் படகையும் செவ்வாய்க்கு வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. லூவ்ரில் 18 வயதுக்குக் கீழே இலவசம். ஆனாலும் அப்பாவை மோனாலிசா முன் விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே வந்துவிடலாம், தப்பில்லை.

அப்பத்தாவுக்கு இரண்டு இடம் உண்டு. கிமேயில் சோழர் கால நடராசர். லா ஷாப்பெல் பகுதியில் ஈழத் தமிழர்களின் மாணிக்க விநாயகர் ஆலயம். அந்தத் தெருக்களில் இட்லி, தோசைக்கும் பஞ்சமில்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் இடமாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

எல்லையில் ஒரு வளையம்

பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்றேகால் மணி நேரம். அங்கிருந்து 18-ஆம் எண் டிராம் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுவி பிரான்ஸ், சுவிஸ் இரு நாட்டுக்கும் அடியில் ஓடுகிறது. 2023-ல் திறந்த அறிவியல் கூடத்துக்குக் கட்டணம் இல்லை. திங்கள் மட்டும் விடுமுறை. 2004-ல் இந்திய அரசு தந்த நடராசர் சிலையும் செர்னில் நிற்கிறது. வளாகத்துக்குள் இருப்பதால், பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். முடிந்தால் பேத்திக்கும் அப்பத்தாவுக்கும் ஒரே இடத்தில் வேலை முடிந்தது.

பனி எல்லோருக்கும் அல்ல

ஜெனீவாவில் ஓர் இரவு போக, மீதி மூன்று இரவுகள் இன்டர்லாக்கனில். அங்கிருந்து ரயிலேறிப் போனால் யுங்ஃபிராவ்யோக் நிலையம். 3,454 மீட்டர் உயரம். கொடைக்கானலே 2,100 மீட்டர் அளவுதான். மே மாதத்திலும் அங்கே பனி கிடக்கும். ஆனால் காற்று மெலிது. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. மகனோடு அப்பா மேலே போகட்டும். அப்பத்தாவும் அம்மாவும் ஏரிப் படகில் போய்வரட்டும். சுவிஸ் குடும்ப அட்டை இருந்தால், டிக்கெட் வைத்திருக்கும் பெற்றோருடன் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலான ரயில்களில் இலவசம். யூரோ அல்ல, இங்கே ஃபிராங்க்.

திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ சென்னை போயோ ஏறலாம். பாரிஸில் இறங்கி ஜூரிச்சில் ஏறும்படி டிக்கெட் எடுத்தால், திரும்பப் பாரிஸுக்கு ஓடும் ஒரு நாள் மிச்சம்.

ஆளுக்கு ஒரு ஆசை, அதில் பேரம் கிடையாது, மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம். இந்தப் பேச்சைப் பொங்கலுக்குக் குடும்பம் கூடும்போதே முடித்துவிட்டால், மே மாதப் பயணத்துக்கு விண்ணப்பிக்க நாள் சரியாக இருக்கும்.