ஒரே இன்ஜின், நான்கு கம்பெனிகள்

பத்து வருஷம் உழைக்கும் கார் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களை உரசிப் பார்க்க நம்மிடமே ஒரு உரைகல் உண்டு: ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின்.

மாருதி ஸ்விஃப்டில் அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர். டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட், செவர்லே செயிலில் ஸ்மார்ட்டெக், ஃபியட் புன்டோவில் சொந்தப் பெயர். அடிப்படை ஒன்றே. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வரும்வரை இந்தியாவின் ‘தேசிய இன்ஜின்’ என்றே அதைச் சொல்லிவந்தார்கள்.

நான்கிலும் பலவீனமும் ஒன்றுதான். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் டைமிங் செயின் தளர்ந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கரகரவென்று சத்தம் கேட்கும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒருநாள் செயின் பல் தாண்டி, வால்வுப் பகுதியையே உடைத்துவிடும். ஆயிலில் கஞ்சம் பிடிக்காதவர்களுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் சாதாரணம்.

அப்படியிருந்தும் இன்று ரோட்டில் கண்ணில் படுவது ஸ்விஃப்ட்தான். விற்ற எண்ணிக்கை அதிகம் என்பது ஒரு காரணம். சின்ன ஊரில்கூட அதற்கு ஸ்பேர் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக் இருப்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம். செவர்லேயை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. இன்ஜின் நன்றாகவே இருந்தாலும், ஒரு ஹெட்லைட்டுக்காகச் செயில்காரர் சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. தவறு வண்டியுடையது இல்லை; கஷ்டம் என்னவோ அவருக்குத்தான்.

டொயோட்டாவுக்கு டாக்சி ஸ்டாண்டில் இருக்கும் மரியாதை வேறு வகை. 2005-இல் வந்த முதல் இன்னோவா, 2.5 லிட்டர் டீசல் இன்ஜினிலிருந்து சுமார் 102 குதிரைத்திறன்தான் எடுத்தது. லாரியைப் போலத் தனிச் சேஸிஸ், பின்சக்கர இழுவை. இன்ஜினைப் பிழியாமல் விட்டதால்தான் லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய பிறகும் ட்ராவல்ஸ்காரர்கள் அதைக் கைவிடவில்லை.

அமெரிக்காவின் ஜே.டி. பவர் பட்டியலை இங்கேயும் காட்டி வாதிடுகிறார்கள். அது மூன்று வருஷம் ஆன வண்டிகளில், நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணும் கணக்கு. போன் ப்ளூடூத்தில் சேராததும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. பத்து வருஷக் கணக்குக்கு அது போதாது. பிரேக், சஸ்பென்ஷன் என்று வண்டியின் வயதுவாரியாகச் சோதித்துச் சொல்லும் ஜெர்மனியின் டூஃப் அறிக்கையை நான் அதிகம் மதிப்பேன்.

புதிது வாங்குகிறவர்கள் ஷோரூமுக்கு முன்னால் வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விசாரியுங்கள். அந்த மாடலுக்குக் கிளட்ச் செட் என்ன விலை, ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும்? பழைய டீசல் வண்டி என்றால் காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன்பே போய்விடுங்கள். முதல் ஸ்டார்ட் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.