கொதிகலன் குழாய் வெல்டிங்: அபாயமும் உரிமையும் நிவாரணமும்

அனல் மின் நிலையக் கொதிகலனில் நீராவி சுமார் 540 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தாங்க, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த அலாய் ஸ்டீல் குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள். இன்னும் சூடான பகுதிகளில் துருப்பிடிக்காத எஃகுக் (எஸ்.எஸ்.) குழாய்கள் வருகின்றன. இரண்டும் சேரும் இடத்தில் வெல்டிங் ஜாயிண்ட் போட்டே ஆக வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள், 2015இல் உற்பத்தி தொடங்கிய என்.டி.பி.எல். நிலையத்தின் 500 மெகாவாட் அலகுகள், உடன்குடியின் 660 மெகாவாட் அலகுகள் என்று இந்த மாவட்டத்தில் இவ்வகை வேலை பரவலாக உண்டு. அலகை நிறுத்திப் பழுதுபார்க்கும் ‘ஷட் டவுன்’ நாட்களில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டர் வழியே வரும் உயர் அழுத்த (ஹெச்.பி.) வெல்டர்கள், பிட்டர்கள், ஹெல்பர்கள்.

ஜாயிண்டின் சிக்கல்

சூடேறும்போது எஸ்.எஸ்., அலாய் ஸ்டீலைவிடக் கணிசமாகக் கூடுதலாக விரிகிறது. அலகு ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஜாயிண்ட் இழுபடுகிறது. அதோடு, அலாய் ஸ்டீலிலுள்ள கார்பன் மெல்ல நகர்ந்து, ஓரத்தில் வலுவிழந்த பட்டை ஒன்று உருவாகிறது. இதனால்தான் இடையில் நிக்கல் கலப்புக் கம்பியால் நிரப்புகிறார்கள். 9 சதவீதக் குரோமியம் கொண்ட பி-91 குழாய் என்றால், வெல்டிங்குக்கு முன் சுமார் 200 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். முடிந்தபின் 750 டிகிரியை ஒட்டிய சூட்டில் பதப்படுத்த வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் விரிசல் அன்றே தெரியாமல் போகலாம்; அலகு ஓடத் தொடங்கிய பிறகு உயர் அழுத்த நீராவியோடு வெடிக்கலாம்.

உடலுக்கு வரும் ஆபத்து

முதல் ஆபத்து புகை. எஸ்.எஸ். கம்பியில் ஆர்க் வெல்டிங் செய்யும்போது எழும் புகையில் ஆறு இணைதிறக் குரோமியமும் நிக்கலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. டிக் வெல்டிங்கில் புகை குறைவு. ஆனால் அதில் ஜாயிண்டைக் காக்கும் ஆர்கான் வாயுவைக் கடற்காற்று கலைத்துவிடும் என்று ஜாயிண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுவார்கள். காற்று வெளியே நிற்க, புகை உள்ளே நிற்கும்.

இரண்டாவது ஆர்கான். குழாயின் உட்புறம் கருகாமலிருக்க இருபுறமும் அடைத்து ஆர்கானால் நிரப்புவதைப் ‘பர்ஜிங்’ என்பார்கள். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். அடைப்பை எடுக்கப் பெரிய குழாய்க்குள் தலையை நுழைப்பவருக்கு மூச்சுமுட்டும் உணர்வுகூட வராமல் நினைவு தப்பும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்திருந்தால் உள்ளே போகக் கூடாது. விழுந்தவரைக் காப்பாற்ற, மூச்சுக் கருவி இல்லாமல் இன்னொருவர் இறங்கினால் அவரும் விழுவார்.

மூன்றாவது, குறை இருக்கிறதா என்று ஜாயிண்டைப் படமெடுக்கும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். அதை இயக்கும்போது கயிறு கட்டி, எச்சரிக்கை விளக்கு வைத்து, மற்றவர்களை அகற்றியாக வேண்டும்.

உரிமைகள்

மின் உற்பத்தியை 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் ஆபத்தான தொழில்களின் பட்டியலில் வைத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. ஆபத்தான பணியில் சேரும் முன்பும், சேர்ந்தபின் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்வது நிர்வாகத்தின் கடமை. உடல்நலப் பதிவேட்டைப் பார்க்கவும், நியமன ஆணை பெறவும், உடனடி ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கவும் தொழிலாளருக்கு உரிமை உண்டு.

நிவாரணம்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) பொருந்தும். பணிக்காயத்தால் நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் மாத உதவித்தொகை கிடைக்கும். ஹெச்.பி. வெல்டர்களின் கூலி இந்த வரம்பைத் தாண்டுவதுண்டு. அப்படிப்பட்டவர்களும் குடும்பத்தாரும் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கான்ட்ராக்டர் கைவிரித்தாலும், வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம்.

நோய் விஷயம் சற்றுக் கடினம். குரோமியத்தால் வரும் நோய், இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வேலையால் வந்ததாகச் சட்டம் கருத, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலை செய்திருக்க வேண்டும். ஷட் டவுனுக்கு ஷட் டவுன் கான்ட்ராக்டர் மாறுபவருக்கு இங்கேதான் இடிக்கும். ஆகவே கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் யார் போட்டது, எந்தக் கம்பி, எந்தத் தேதி என்ற பதிவு நிர்வாகத்திடம் இருக்கும். அதில் வெல்டர் எண் இருப்பதால், அவர் எங்கே, எந்த உலோகத்தில் வேலை செய்தார் என்பதற்கு அதுவே சாட்சி. வழக்கில் அதைத் தாக்கல் செய்யும்படி கோரலாம்.

பாதுகாப்புக் குறைபாட்டைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகாராகக் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி தொழிலக ஊழியருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.