சமமும் சரியும்

இலக்கியப் பக்கத்தில் கணக்கேட்டைப் பற்றி எழுதுவதா என அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். சொல்லின் அருமையையும் உண்மையின் அருமையையும் எனக்கு ஒருங்கே உணர்த்தியது கணக்கேடே. ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

வெனிஸ் நகர வணிகர் கையாண்டு வந்த இரட்டைப் பதிவு முறையை 1494 ஆம் ஆண்டில் நூல்வடிவில் அச்சேற்றி உலகறியச் செய்தவர் லூக்கா பச்சியோலி என்னும் துறவி. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரு கணக்குகளைத் தொடும் என்பதே அம்முறையின் உயிர்நிலை. கடைக்காரர் 500 ரூபா காசு கொடுத்துச் சரக்கு வாங்கினால், கொள்வனவுக் கணக்கில் 500 வரவு; காசுக் கணக்கில் 500 செலவு. ஆகவே எல்லா மீதிகளையும் திரட்டிப் பரீட்சை மீதி எடுக்கும்போது இரு பக்கமும் சமப்படல் வேண்டும்.

இதனைக் கற்கப் புகும் மாணவர் முதலில் இடறுவது இலக்கத்தில் அன்று, சொல்லிலேயாம். நம் நாட்டுப் பாடநூல்கள் இடப்பக்கத்தை வரவு என்றும் வலப்பக்கத்தைச் செலவு என்றும் வழங்கும். தமிழ்நாட்டு நூல்களோ இடப்பக்கத்தைப் பற்று என்றும் வலப்பக்கத்தை வரவு என்றும் வழங்கும். பாக்குநீரிணையைக் கடந்ததும் ஒரு சொல் பக்கம் மாறி அமர்ந்துவிடுகின்றது! அக்கரை நூலொன்றை இரவல் வாங்கிப் படித்து, பயிற்சிக் கணக்கு முழுவதையும் தலைகீழாய்ச் செய்து ஆசிரியரிடம் ஏச்சு வாங்கியவன் நான். வேடிக்கை என்னவெனில், அந்தத் தலைகீழ்க் கணக்கும் சமப்பட்டது. அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

பின்னர் ஆசிரியர் பிழை காணும் உபாயங்களைக் கற்பித்தார். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடுமாயின் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540 ஐ 450 என எழுதினால் வித்தியாசம் 90. வரவில் இடவேண்டிய 60 ஐச் செலவில் இட்டால் வித்தியாசம் அதன் இருமடங்காகிய 120. ஆகவே வித்தியாசத்தின் பாதியையும் ஏட்டிலே தேடல் வேண்டும். இவற்றைக் கற்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிற்று.

1970 களின் தொடக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையிற் கணக்கெழுதப் புகுந்தேன். பங்குனி முடிவில் நான் எடுத்த பரீட்சை மீதி முதல் முறையிலேயே சமப்பட்டது. முதலாளி மெச்சினார், நான் இறுமாந்தேன். அடுத்த கிழமை, கடன்பாக்கி 75 ரூபா கேட்டு நாம் அனுப்பிய கடிதத்துடன் மூதாட்டி ஒருவர் வந்தார்.

“தம்பி, பொங்கலுக்கு முதல்நாள் உந்த மேசையிலைதான் காசு வைச்சனான்.”

“கணக்குச் சரிவந்திட்டுது, ஆச்சி. பிழை இருக்காது.”

அவர் வாதாடவில்லை. சீலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை மெல்ல அவிழ்க்கத் தொடங்கினார். அந்த முடிச்சைக் கண்டதும் என் நெஞ்சு துணுக்குற்றது. காசேட்டைப் புரட்டினேன். பொங்கலுக்கு முதல்நாட் பதிவில் அவர் பெயரும் 75 ரூபாவும் என் கையெழுத்திலேயே இருந்தன. பேரேட்டில் மட்டும், அதே பெயர் கொண்ட வேறொருவர் கணக்கில் அத்தொகையைச் செலவு வைத்திருந்தேன். காசில் 75 வரவு, கடன்பட்டோர் ஒருவரில் 75 செலவு. இரு பக்கமும் சமம்; ஆள் மாத்திரம் வேறு. பரீட்சை மீதி எவ்வாறு இதனைக் காட்டும்?

மற்றவர் கணக்கில் 75 வரவு, ஆச்சி கணக்கில் 75 செலவு எனத் திருத்தப் பதிவு எழுத ஒரு நிமிடமே சென்றது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க அதனினும் அதிக நேரம் சென்றது. “பரவாயில்லை, மோனை” என்று கூறிக் காசை மீண்டும் முடிந்துகொண்டு அவர் போய்விட்டார்.

இன்று என்னிடம் கணக்குப் பயில வரும் மாணவர், இரு பக்கமும் சமப்பட்டவுடன் பேனாவை மூடிவிடுகின்றனர். அவர்களுக்கு இக்கதையைச் சொல்வேன். விடுபட்ட பதிவும், ஆள் மாறிய பதிவும், முற்றிலுந் தலைகீழான பதிவும் சமப்பட்ட ஏட்டினுள்ளே ஒளிந்திருக்கும். சமம் என்பது கூட்டலுக்குச் சான்று. சரி என்பதற்கு ஒவ்வொரு பதிவையும் அதன் மூலத்தோடு ஒப்புநோக்கல் வேண்டும். அந்த மூலத்துக்கு அப்பால், ஒருவர் சீலைத் தலைப்பில் காசு முடிந்துகொண்டு நிற்கின்றார்.