தகப்பன் கட்டிக் காத்த கார்!

உலகமே ஒரு காரைத் தேடியது. பத்திரிகைக்காரர்கள் தேடினார்கள். சினிமா ரசிகர்கள் தேடினார்கள். அந்தக் காரை ஓட்டிய நடிகரே தேடினார்!

ஆனால் அந்தக் கார் எங்கே இருந்தது தெரியுமா? ஒரு பள்ளிக்கூட ஆசிரியையை ஏற்றிக் கொண்டு, தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்து கொண்டிருந்தது!

கதை போல இருக்கிறது அல்லவா? கதை அல்ல. அமெரிக்காவில் உண்மையாக நடந்தது.

பயில்வான் கார்

அந்தக் காரின் பெயர் மஸ்டாங். அமெரிக்காவின் புல்வெளிகளில் திரியும் காட்டுக் குதிரைக்கு மஸ்டாங் என்று பெயர். ஃபோர்டு கம்பெனி 1964-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி இந்தக் காரை வெளியிட்டது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் 12 மாதங்களிலேயே 4 லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் விற்றுப் போயின.

அது அமெரிக்க வாலிபர்களுக்கு வேகப் பைத்தியம் பிடித்திருந்த காலம். கார் கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்தன. பெரிய கார்களுக்கு உரிய ராட்சத என்ஜினை எடுத்தன. அதைச் சிறிய, நடுத்தரக் கார்களுக்குள் வைத்தன. எடை குறைவு. பலம் அதிகம். கார் பறந்தது! 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார் இதற்கு வழி காட்டியது. மற்ற கம்பெனிகளும் போட்டியில் குதித்தன.

இத்தகைய கார்களுக்கு "மஸில் கார்" என்று பெயர் வந்தது. "பயில்வான் கார்" என்று நாம் சொல்லலாம்.

1968-ல் வந்த "மஸ்டாங் ஜி.டி. 390" அப்படிப்பட்ட பயில்வான். 8 சிலிண்டர். 325 குதிரை சக்தி. என்ஜினின் அளவு 6.4 லிட்டர். நம் ஊர்களில் ஓடிய பழைய அம்பாசடர் காரின் என்ஜின் ஒன்றரை லிட்டர்தான். நாலு அம்பாசடர் என்ஜின்களைச் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது!

11 நிமிடத் துரத்தல்

1968-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "புல்லிட்" என்ற சினிமா படம் வெளிவந்தது. டைரக்டர் பீட்டர் யேட்ஸ். கதாநாயகன் ஸ்டீவ் மக்வீன். படத்தில் அவர் ஒரு துப்பறியும் போலீஸ் அதிகாரி.

சான்பிரான்சிஸ்கோ நகரத்துத் தெருக்கள் மேடும் பள்ளமுமானவை. அந்தத் தெருக்களில் ஒரு கார் துரத்தல் நடக்கிறது. கொலைகாரர்கள் கருப்பு நிற டாட்ஜ் காரில் போகிறார்கள். மக்வீன் கரும்பச்சை நிற மஸ்டாங்கில் துரத்துகிறார்.

மேட்டின் உச்சிக்குப் போனதும் கார்கள் ஆகாயத்தில் தாவுகின்றன. தரையில் மோதி மறுபடியும் ஓடுகின்றன. மணிக்கு 110 மைலுக்கும் மேல் வேகம்! சுமார் 11 நிமிடம் இந்தத் துரத்தல் நடக்கிறது. துரத்தல் சூடு பிடித்ததும் பாட்டு இல்லை. பேச்சு இல்லை. என்ஜின் உறுமலும் டயர் கதறலும்தான்!

ரசிகர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். படத்தொகுப்புக்காக "ஆஸ்கார்" பரிசும் கிடைத்தது.

படத்துக்கு ஒரே மாதிரியான 2 மஸ்டாங் கார்கள் பயன்பட்டன. ஒன்று மேட்டில் இருந்து குதிப்பது போன்ற முரட்டு வேலைக்கு. மற்றொன்று மக்வீன் ஓட்டுவதை அருகில் இருந்து படம் பிடிப்பதற்கு. குதித்த கார் அடிபட்டு நொந்து போனது. அது பழைய இரும்புக் கடைக்குப் போனதாக எல்லாரும் நினைத்தார்கள். மற்றொரு காரை, படக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் வாங்கினார். பிறகு அது கை மாறியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்திரிகையில் விளம்பரம்

1973-ம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்குப் பெட்ரோலிய எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசை! பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் பயில்வான் கார்களைக் கண்டு ஜனங்கள் பயந்தார்கள்.

அந்த நேரத்தில், 1974-ல், ஒரு கார் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. "புல்லிட்" படத்தில் ஓடிய மஸ்டாங் விற்பனைக்கு இருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. விலை 6,000 டாலர்.

நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்தார். காரை வாங்கினார். அவர் கோடீசுவரர் அல்ல. சாதாரணக் குடும்பத்துக்காரர். அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அந்த அம்மாள்தான் அந்தக் காரில் வேலைக்குப் போய் வந்தார். வெள்ளித் திரையில் பறந்த கார், வீட்டுக் காராக மாறி விட்டது!

நடிகரின் கடிதம்

மக்வீனுக்கு அந்தக் காரின் நினைவு போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்து கொண்டார். 1977-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி அதன் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார்.

காரைத் தனக்குத் திருப்பித் தரும்படி கேட்டிருந்தார். அதைத் தன் குடும்பத்தில் வைத்துக் கொள்ள ஆசை என்றார். புதுப்பிக்கப் போவதில்லை, படத்தில் இருந்த கோலத்திலேயே வைத்துக் கொள்ளப் போவதாகத் தெரிவித்தார். அதிகம் செலவாகாது என்றால், அதற்குப் பதிலாக வேறொரு மஸ்டாங் தேடித் தருவதாகவும் சொன்னார்.

உலகப் புகழ் பெற்ற நடிகர் கேட்கிறார்! யாராக இருந்தாலும் மயங்கிப் போவார்கள். ஆனால் அந்தக் குடும்பத் தலைவர் மயங்கவில்லை. காரைக் கொடுக்கவில்லை. கடிதத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக் கொண்டார்.

1980-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி மக்வீன் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. அதே 1980-ல் காரின் கிளட்ச் போய் விட்டது. அதுவரை 65,000 மைல் ஓடியிருந்த கார், ஷெட்டுக்குள் போய்ப் படுத்தது.

நீண்ட தூக்கம்

ஓடாமல் நிற்கும் கார் கெடாமல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நிற்கும் கார்தான் சீக்கிரம் கெடும்.

டாங்கியில் உள்ள பெட்ரோல் நாளாக ஆகப் பிசின் போல ஆகும். அது கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். பிரேக்கின் உள் பாகங்கள் துருப்பிடிக்கும். எலிகள் சீட்டுக்குள் கூடு கட்டும்.

இத்தகைய காரில் சாவியைப் போட்டு உடனே திருப்பி விடக் கூடாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒட்டிக் கொண்டிருந்தால் என்ஜினே பாழாகி விடும். முதலில் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். சில நாள் பொறுத்து, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். அது சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்!

தந்தையும் மகனும்

அந்தக் குடும்பத்தில் ஒரு மகன் பிறந்து வளர்ந்தான். குடும்பம் ஊர் ஊராக மாறியது. காரும் கூடவே போனது. கடைசியில் டென்னஸி மாநிலத்தில் குடியேறினார்கள். வீட்டில் என்ன கார் இருக்கிறது என்பதை அவர்கள் வெளியில் சொல்லவில்லை.

2001-ம் ஆண்டு தந்தையும் மகனும் சேர்ந்து காரைச் சீர்படுத்த ஆரம்பித்தார்கள். பாகங்களைக் கழற்றினார்கள். ஆனால் வேலை நின்று போனது. தந்தைக்குப் "பார்க்கின்சன்" நோய். கையும் காலும் நடுங்கும் நோய் அது. சின்னத் திருகாணியைப் பிடித்து மாட்டுவது கூடப் பெரும் பாடாகி விடும்.

2014-ல் தந்தை காலமானார். கார் ஓடுவதை மறுபடி பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மகன் மட்டும் மிச்சம். பிரித்துப் போட்ட காரும் மிச்சம்.

என்ன செய்வது?

பழைய காரைப் புதுப்பிப்பதில் 2 வழிகள் உண்டு.

முதல் வழி, காரை முழுக்கப் பிரித்து, புதுக் கார் போல ஆக்குவது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து விட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைப்பார்கள். பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பல பூச்சு பெயிண்ட் அடிப்பார்கள். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போடுவார்கள். கார் கண்ணாடி போல மின்னும்.

இரண்டாவது வழி, ஓடுவதற்கு வேண்டிய வேலையை மட்டும் செய்வது. தோற்றத்தில் கை வைக்காமல் விட்டு விடுவது.

பெரும்பாலான கார்களுக்கு முதல் வழிதான் நல்லது. துருவைத் தடுக்காவிட்டால் கார் மண்ணாகி விடும். ஆனால் இந்தக் காரின் சங்கதி வேறு. அதன் அடிப்பக்கத்தில், படப்பிடிப்புக் கேமராவைப் பொருத்துவதற்காகப் பற்ற வைத்த இரும்புத் துண்டுகள் அப்படியே இருந்தன. உடம்பில் அடிபட்ட தழும்புகள் இருந்தன. பெயிண்ட் மங்கியிருந்தது. பளபளப்பாக ஆக்கினால் இவை எல்லாம் மறைந்து விடும். பிறகு, "இதுதான் அந்தக் கார்" என்பதற்குச் சாட்சி எது?

மகன் இரண்டாவது வழியைப் பிடித்தார். என்ஜின் மறுபடியும் உறுமியது. தழும்புகள் தழும்புகளாகவே நின்றன.

மெக்சிகோவில் அதிசயம்

2017-ல் இன்னோர் ஆச்சரியம்! அழிந்து போனதாக நினைத்த குதித்த கார், மெக்சிகோ நாட்டில் பாஹா கலிபோர்னியா பகுதியில் கிடைத்தது. வெள்ளைப் பெயிண்ட் பூசியிருந்தது. என்ஜின் இல்லை. வெறும் கூடு!

அதை வாங்கியவர்களுக்கு அது என்ன கார் என்று முதலில் தெரியாது. அதை வெட்டி ஒட்டி, வேறொரு படத்தில் வந்த கார் போல மாற்ற நினைத்தார்கள். நல்ல வேளை, நம்பரைச் சோதித்தார்கள்.

8 ஆர் 02 எஸ் 125558. இதுதான் நம்பர். "8" என்றால் 1968-ம் ஆண்டு மாடல். "ஆர்" என்றால் சான்ஹோசே நகரத்துத் தொழிற்சாலையில் செய்தது. "02" என்றால் பின்புறம் சரிந்து இறங்கும் கூரை. "எஸ்" என்றால் 390 என்ஜின். மற்றவை வரிசை எண். டென்னஸியில் இருந்த காரின் எண் 559-ல் முடிகிறது. இரண்டும் அடுத்தடுத்துப் பிறந்த சகோதரர்கள்! குதிப்பதற்காக முன்பக்கத்தில் பலப்படுத்திய அடையாளமும் காரில் இருந்தது. விஷயம் ருசுவாகி விட்டது.

அந்தக் கூட்டை அப்படியே வைத்திருந்தால் பயன் இல்லை. அதற்கு என்ஜின் வேண்டும், தகடு வேண்டும், பச்சைப் பெயிண்ட் வேண்டும். தம்பிக்கு வேண்டாத வைத்தியம், அண்ணனுக்கு அவசியமாகி விட்டது!

26 கோடி ரூபாய்!

2018-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, டெட்ராய்ட் கார் கண்காட்சி. "புல்லிட்" படத்தின் 50-வது ஆண்டை ஒட்டி ஃபோர்டு கம்பெனி புது மஸ்டாங் ஒன்றை வெளியிட்டது. மக்வீனின் பேத்தியும் வந்திருந்தார். அந்த மேடையில் பழைய பச்சைக் கார் காட்சி தந்தது. மங்கிய பெயிண்ட், அதே தழும்புகள். பளபளக்கும் புதுக் கார் பக்கத்தில் நின்றது. ஆனால் எல்லாருடைய கண்ணும் பழைய கார் மேல்தான்!

2020-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி புளோரிடா மாநிலத்தில் அது ஏலத்துக்கு வந்தது. கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய நம் பணத்தில் 26 கோடி ரூபாய்க்கு மேல்! அதுவரை எந்த மஸ்டாங்கும் அவ்வளவு விலைக்கு விற்றதில்லை.

தகப்பன் 6,000 டாலர் கொடுத்து வாங்கிய கார் அது. பணத்துக்காக அவர் வாங்கவில்லை. ஒரு நடிகர் கேட்டும் கொடுக்கவில்லை. நோயில் படுத்த போதும் விற்கவில்லை.

அந்த நடிகர் தம் கடிதத்தில் என்ன எழுதினார்? காரைப் புதுப்பிக்காமல், படத்தில் இருந்த கோலத்திலேயே வைத்துக் கொள்ள ஆசை என்றார். கார் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால், 40 ஆண்டுகளுக்குப் பிறகு கார் வெளியே வந்த போது, அவர் ஆசைப்பட்ட அதே கோலத்தில்தான் வந்தது!